என் வீட்டில் எனக்குத் தெரியாமல் சொன்ன செபம்

அன்புள்ள மகன்,

நான் நல்ல சுகம், உன் சுகம் அறிய ஆவல் என்று தொடங்கினால் அது பொய்யாகிவிடும். பொய் சொல்வதற்கு இந்தக் குடும்பத்தில் என்னை விடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் வயிற்றில் இருப்பது புண் இல்லை, புற்றுநோய். அது ஈரல் வரைக்கும் போய்விட்டது. இதை எனக்கு நீ சொல்லவில்லை, டொக்டர் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை தோறும் வந்து என் கட்டிலைச் சுற்றி நின்று பாடுகிற செபக்கூட்டத்தாரும் சொல்லவில்லை. மகரகமைப் புற்றுநோய் ஆசுபத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது, "அங்க நல்ல ஸ்கேன் மெசின் இருக்கு அம்மா, அதுக்காகத்தான்" என்றாய். மகன், பல்வலி என்று மகரகமைக்குப் போனவர் இந்த நாட்டில் யாரும் இல்லை. டொக்டர் உன்னோடு இங்கிலீசில் கதைத்தார். லிவர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள இங்கிலீசுப் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. நீ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாய், என் பக்கம் திரும்பவேயில்லை. கொழும்பில் உன் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் உன் பெண்சாதியும் என் கண்ணைப் பார்க்காமலே சோறு போட்டாள். பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் நோயை மறைத்ததற்காக நான் இதை எழுதவில்லை. பிள்ளை பயப்படுகிறான், போகட்டும் என்று பேசாமல் இருந்திருப்பேன். போன வெள்ளிக்கிழமை உன் மாமி வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லுக்குப் பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. இங்கே நிலைமை உனக்குத் தெரியும். வாவிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஷெல் அடிக்கிறார்கள். வீட்டு யன்னல்கள் நடுங்குகின்றன. வெல்லாவெளியிலிருந்தும் கரடியனாற்றிலிருந்தும் சனம் சட்டி பானையோடு ஓடிவந்து நம்முடைய பள்ளிக்கூடங்களில் கிடக்கிறது. அந்தச் சத்தத்துக்குள்ளும் உன் மாமி, அப்பாவின் தங்கை, அடுத்த வீட்டிலிருந்து ஒரு கையில் செபமாலையும் மறு கையில் நல்லெண்ணெய்ப் போத்தலுமாகத் தவறாமல் வந்துவிடுவாள். அன்றைக்கு மற்றப் பெண்கள் போன பிறகு, என் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஆறுதல் சொன்னாள். "பயப்படாத புள்ள. மாதா கைவிட மாட்டா. அண்ணனுக்கும் எல்லாம் வடிவா நடந்ததுதானே. நீ பஸ் ஏறப் போன கையோட பாதர் வந்திட்டார். காலமையிலிருந்து என்ட வீட்டதானே இருந்தவர், நீ வெளிக்கிடும் மட்டும்."

என் காலில் இருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது. நான் எழும்பி இருந்து, "என்ன சொன்ன நீ?" என்றேன். "ஒண்ணுமில்ல கா. சும்மா பழங்கதை." "அந்தப் பழங்கதைய முழுசாச் சொல்லு" என்றேன். நான் விட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாள். கேட்டு முடிந்ததும், வீட்டுக்குப் போ என்று அவளை அனுப்பினேன். எண்ணெய்ப் போத்தலையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அது இன்னும் என் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது.

இனி நான் சொல்கிறேன், நீ கேள். நான் அறிந்த கதையும் நீ அறிந்த கதையும் வேறு வேறாக இருந்தன என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் காலும் முகமும் வீங்கி, சாப்பாடு இறங்காமல் கிடந்த அந்த மாசி மாதத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கிட்னி இரண்டும் கெட்டுப்போயிற்று. ஆசுபத்திரியில், "வீட்டை கூட்டிக்கொண்டு போங்க, விரும்பினதைச் சாப்பிடக் குடுங்க" என்று என்னிடம் சொன்னார்கள். அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்ட மடைச்சி நான். வழியெல்லாம் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். உன்னையும் மாமியையும் தனியே கூப்பிட்டு டொக்டர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். நீ அப்போது பெரிய சோதனை எழுதி முடித்துவிட்டு மறுமொழிக்காக இருந்தாய். சின்னப் பிள்ளை இல்லை. அப்பா உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாராம். கேட்டாராம், நீ சொன்னாயாம். ஆக, வீட்டில் இருந்தவர்களில் நான் ஒருத்திதான் ஒன்றும் தெரியாமல் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

மாமிதான் நேர்த்திக் கதையை எடுத்தாள். "உன்னிச்சைப் பக்கத்து மாதாட்ட போய் நேர்ந்து வா புள்ள. பெண்சாதிட நேத்திக்குத்தான் அந்த மாதா இரங்குவா" என்றாள். என் அம்மா வீட்டில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை உச்சி முதல் உள்ளங்கால் வரை நூலால் அளந்து, அந்த நூலையே திரியாக வைத்து அவர் உயரத்துக்கு மெழுகுதிரி வார்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நான் தையல்காரி, நூலுக்கா பஞ்சம்? அப்பாவை நேராக நீட்டிப் படுக்கச் சொன்னேன். "நல்லா அளந்து எடு புள்ள, குறைஞ்சிராம" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் மெழுகுதிரிக்கு அளவெடுக்கிறேன், அவர் பெட்டிக்கு அளவு கொடுக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

போகிற அன்று காலையில் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். பஸ் ஓட்டுகிற மனிசன் என்றாலும் சட்டைக் கழுத்தில் முடி படக்கூடாது அவருக்கு. "பிடரி மயிரைக் கொஞ்சம் வெட்டி விடன்" என்றார். துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் நான் எத்தனையோ தடவை செய்து விடுகிற வேலைதான் அது. அன்றைக்கு நான், "இப்ப எனக்கு நேரமில்ல, எழும்பி நடந்து சலூனுக்குப் போங்க. மாதா உங்களை நடக்கப் பண்ணுவா" என்றேன். எனக்குத் தெரிந்திருந்தால், மகன், பஸ் என்ன, விமானமே வாசலில் வந்து நின்றாலும் நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். முடி வெட்டி, முகம் வழித்து, பௌடர் போட்டு விட்டிருப்பேன். நம்பிக்கை என்ற பேரில் அந்த மனிசன் என்னிடம் கடைசியாகக் கேட்டதை நான் இல்லை என்று சொன்னேன். அப்படிச் சொல்ல வைத்தவர்கள் நீங்கள்.

வெளிக்கிடும்போது அவர் சொன்னது: "மெதுவாப் போய் வா. அவசரமில்ல." எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நோய் குறைந்திருக்கிறது, அதனால்தான் அவசரப்படுத்தாமல் அனுப்புகிறார் என்று நினைத்தேன். அந்த றோட்டில் எத்தனை வருசம் பஸ் ஓட்டியவர்! மாதா திருநாளுக்குச் சனத்தை ஏற்றி இறக்கியவர். எங்கே ஆமிச் சென்றி, எங்கே இறங்கி நடக்க வேண்டும், போனவள் எப்போது திரும்புவாள் என்பதெல்லாம் என்னை விட அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் யோசித்துத்தான் அனுப்பினார். நீ என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை வந்தாய். "கவனம் அம்மா" என்றாய். அந்த நேரத்தில் பாதர் மாமியின் வீட்டு அறைக்குள், அவஸ்தை கொடுக்கிற எண்ணெயோடு, நான் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறையும் வரை காத்திருந்திருக்கிறார். சாகக் கிடக்கிறவருக்குப் பூசுகிற எண்ணெய் வீட்டுக்குள் வந்தால் பெண்சாதிக்கு விளங்கிவிடும் அல்லவா? அதனால் எண்ணெயை உள்ளே கொண்டுவருவதற்காகப் பெண்சாதியை வெளியே அனுப்பினீர்கள். எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவுச் சென்றியில் எங்களை இறக்கிச் சோதித்தார்கள். ஆளுயர மெழுகுதிரியைச் சீலையில் சுற்றிப் பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு நின்ற என்னை ஆமிக்காரர்கள் விடுவார்களா? அதற்குள் என்ன வைத்திருக்கிறாய் என்று ஒருத்தன் வாங்கி, முழங்காலில் வைத்து முறித்தான். ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில். மெழுகு உடைந்ததே தவிர உள்ளே இருந்த நூல் அறவில்லை. துண்டுகள் நூலில் தொங்கின. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் நின்ற இன்னொரு பெடியன், கழுத்தில் சிலுவை போட்டிருந்தவன், நீர்கொழும்புப் பக்கம் போல, உடைந்த தமிழில் கேட்டான். "யாருக்கு?" "வீட்டுக்காரருக்கு" என்றேன். "சரியா வருத்தமா?" "ஓம், சரியான வருத்தம், எழும்ப முடியாத நோய்." "அப்ப நீ ஏன் போற?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. விசுவாசம் இல்லாதவன் என்று மனதுக்குள் திட்டினேன். அன்றைக்கு முழுக்க என்னிடம் ஒழுங்கான கேள்வி கேட்டவன் அவன் ஒருவன்தான்.

அங்கேயிருந்து உழவு மெசின் பெட்டியில் ஏறிக் கோயிலுக்குப் போனோம். உடைந்த மெழுகுதிரியை மாதாவின் காலடியில் வைத்து முழங்காலில் நின்றேன். இரவு அங்கே தங்கி மறுநாள் காலையில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. விடியும்போதே வெடிச் சத்தம் தொடங்கிவிட்டது. சென்றியை மூடிவிட்டார்கள், பாலத்தால் ஒரு குருவியும் போக முடியாது என்றார்கள். கோயில் மண்டபத்தில் அடைந்து கிடந்தோம். மத்தியானம் போல எனக்கு மனதுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. உடம்பிலிருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. என் செபம் கேட்கப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். அது மட்டுமா? அன்று பின்னேரம் மண்டபத்தில் இருந்த அத்தனை சனத்துக்கும் முன்னால் எழும்பி நின்று சாட்சி சொன்னேன். "என்ட புருசனை மாதா சுகமாக்கிப் போட்டா" என்று கையை உயர்த்திச் சொன்னேன். எல்லோரும் கை தட்டித் தோத்திரம் சொன்னார்கள். நீங்கள் அப்போது அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பாலம் திறந்து நான் வந்தபோது ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. முடக்கு வீட்டு வயது போனவர்தான் போய்விட்டார் ஆக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவருக்காக ஒரு பரமண்டல மந்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன். கொடிகள் நம்முடைய படலை வாசலில் வந்து முடிந்தன. அடக்கமும் முடிந்துவிட்டது. வெயிலுக்கு வைத்திருக்க முடியவில்லை, பாலம் எப்போது திறக்கும் என்றும் தெரியவில்லை என்றார்கள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். திடீரென்று மூச்சு முட்டியது, ஓடிப்போய்ப் பாதரைக் கூட்டி வந்தோம், அவ்வளவுதான் நேரம் இருந்தது என்று மாமி சொன்னாள். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு படம் வந்தது. பெட்டியைச் சுற்றி எல்லோரும் நிற்கிறீர்கள். தலைமாட்டில் மாமி நிற்கிறாள். அந்தப் படத்தை நான் சுவரில் மாட்டவில்லை. ஏன் மாட்டவில்லை என்று நீ ஒரு நாளும் கேட்கவும் இல்லை.

எட்டுப் பூசைக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் வந்த சனமெல்லாம் எனக்கு ஒரே ஆறுதலைத்தான் சொன்னது. "நீ மாதாட காலடியில நிக்கக்குள்ளதான் ஆண்டவர் அவரைக் கூப்பிட்டிருக்கார். இதை விட என்ன பாக்கியம் வேணும்?" நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருசமும் அதைச் சொல்லித்தான் படுத்து எழும்பினேன். மத்தியானம் எனக்கு வந்த அந்தக் குளிர்ச்சி அவருடைய ஆத்துமம் என்னிடம் விடைபெற வந்தது என்று கூட மற்ற விதவைகளுக்குச் சொல்லி ஆறுதல் கொடுத்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை மாமி அதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னை ஆண்டவர் அங்கே கூட்டிக்கொண்டு போகவில்லை. நீங்கள் அனுப்பினீர்கள். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், இப்போது ஆண்டவரிடமும் எனக்குக் கோபம்தான். இவ்வளவு பேரும் கூடி என்னை ஏமாற்றும்போது, முழங்காலில் நின்ற எனக்கு ஒரு சொல் அவர் சொல்லியிருக்கலாம். ஒருவேளை அந்த ஆமிப் பெடியன் வாயால் சொன்னாரோ என்னவோ. நான்தான் திட்டினேனே.

ஏன் செய்தீர்கள் என்று மாமியிடம் கேட்டேன். "உன்ட தம்பிட விசயத்துக்குப் பிறகு நாங்க பயந்து போனோம் கா. அண்ணன்தான் சொன்னவர், அவள் தாங்க மாட்டாள், அவளுக்குத் தெரியாமச் செய்யுங்க எண்டு." என் தம்பியைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன வருசம் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கும் ஞாபகம் இருக்கிறது. முகாம் முகாமாக அலைந்தேன். சாப்பிடவில்லை, தலை வாரவில்லை. ஒரு நாள் கிணற்றுக்கட்டில் இருந்தவளை நீயும் அப்பாவும்தான் பிடித்து இறக்கினீர்கள். நீ அப்போது வளராத பிள்ளை, என் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்தப் பயம் உங்களுக்கு வந்தது நியாயம். ஆனால் நீங்கள் விளங்கிக்கொண்டதுதான் பிழை. தம்பி செத்ததால் எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, மகன். முகாம் வாசலில் ஒவ்வொரு நாளும் என்னிடம் "நாளைக்கு வா" என்று சொன்னார்களே, அதனால்தான் பிடித்தது. உன் தம்பி இல்லை, போ என்று ஒருவன் சொல்லியிருந்தால் நான் மண்ணில் விழுந்து அழுதுவிட்டு, எழும்பி வந்து உனக்குச் சோறு சமைத்திருப்பேன். என்னைத் தின்றது எதுவோ அதையே எனக்கு மருந்தென்று இரண்டாம் தரமும் தந்தீர்கள். இப்போது மூன்றாம் தரமும் தருகிறாய்.

நாங்கள் செபமாலை சொல்கிற ஆட்கள். "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் நம்முடைய வாய் சொல்கிறது? நடக்கப் பழகிய நாளிலிருந்து சொல்கிறோம். அந்த நேரம் வந்து கட்டிலில் இருக்கும்போது மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கப் பயம். மாமியின் கூட்டத்தார் என் கட்டிலைச் சுற்றி நின்று சொல்லும்போது கவனித்தேன், அந்த இடம் வந்ததும் குரல் தணிந்துவிடுகிறது. எனக்குக் கேட்டுவிடுமாம்! நான் படுத்துக்கொண்டே அந்த இடத்தை மட்டும் உரக்கச் சொல்கிறேன். ஒருத்தி ஒருத்தியைப் பார்த்துக்கொள்கிறார்கள். செபத்தைத் திரைச்சீலை போல நோயாளிக்கு முன்னால் தொங்கவிடக்கூடாது, மகன். உனக்கும் ஒரு நாள் உன் மாமனார், மாமியார், யாரோ ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டி வரும். அப்போது சத்தமாகப் பாடாதே. சுகமாக்கும் என்று ஆண்டவரைக் கேள், கேட்பதில் பிழையில்லை. ஆனால் சுகமாகிவிட்டது என்று அவருடைய பெயரால் நீ சொல்லாதே. வாய் காய்ந்திருந்தால் பஞ்சை நனைத்து உதட்டில் வை. நோயாளி தன் சாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், "சும்மா விசர்க் கதை கதைக்காதீங்க" என்று வாயை மூடாதே. அவருக்கு யார் வேண்டும் என்று கேட்டு, அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் இருத்து. மற்றதெல்லாம் பிறகு.

உன் கோயில் நண்பனிடம் சொல்லி இங்கே உள்ள புதுப் பாதரை நீ அனுப்பினாய் அல்லவா? வந்தார். இளம் பிள்ளை, நல்ல முகம். "சும்மா இந்தப் பக்கம் வந்தனான், எட்டிப் பாத்திட்டுப் போவம் எண்டு" என்றார். சட்டைப் பையில் எண்ணெய்ச் சிமிழ் புடைத்துக்கொண்டிருந்தது. "பாதர், பையில இருக்கிற எண்ணெயை எடுத்து மேசையில வையுங்க, வெக்கையில உருகிச் சட்டை பழுதாப் போகும்" என்றேன். அந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "அது என்னத்துக்கு எண்டு எனக்குத் தெரியும். வாங்குவன், விருப்பத்தோட வாங்குவன். ஆனா என்ட மகன் வந்து, எனக்கு என்ன வருத்தம் எண்டு தன்ட வாயால சொன்ன பிறகுதான் வாங்குவன்" என்றேன். மாமி நெஞ்சில் கை வைத்துவிட்டாள். "அவஸ்தை இல்லாமச் செத்தா ஆத்துமம் என்னாகும் புள்ள?" என்று கத்தினாள். "அது என்ட ஆத்துமம்" என்று சொன்னேன். பாதர், "சரி அம்மா, கூப்பிடுங்க, எந்த நேரமெண்டாலும் வாறன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, மகன். எனக்கு அந்தப் பூசுதலில் நம்பிக்கை உண்டு, அது இல்லாமல் போக எனக்குப் பயம். அந்தப் பயத்தோடுதான் வேண்டாம் என்றேன். உன்னை இங்கே வர வைக்க என்னிடம் வேறு பணயம் ஒன்றும் இல்லை.

மாமி கடைசியாகச் சொன்னதை நான் இன்னும் எழுதவில்லை. எழுதாமல் விடலாமா என்றும் யோசித்தேன். பாதர் எண்ணெய் பூசி முடிந்து, அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டு, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாராம். கொஞ்ச நேரத்தில், "இப்ப வவுணதீவுச் சென்றில நிப்பாள்" என்றாராம். பிறகு, "இப்ப உழவு மெசின்ல ஏறியிருப்பாள்." பிறகு, "இப்ப மாதாவைக் கண்டிருப்பாள்." படுத்த படுக்கையிலேயே அந்த றோட்டு முழுக்க என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மறுநாள் விடிய, வெடிச் சத்தம் கேட்டதும், எழும்பி இருக்கப் பார்த்து, "பிழை செய்து போட்டன். அவளைக் கூட்டிட்டு வாங்க" என்றாராம். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் வரைக்கும் ஓடினாயாம். ஆமி விடவில்லை. திரும்பி வந்து சொன்னாயாம். மத்தியானம் வரைக்கும் அவர் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம். இதையா மகன் என்னிடமிருந்து மறைத்தாய்? மற்றதையெல்லாம் மறைத்திருந்தாலும் இதை எனக்குத் தந்திருக்கலாமே. அவர் என்னைக் கேட்டார் என்பதை. அவரோடு நான் மேலே போய்ச் சண்டை பிடிக்கத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அவர் என்னைக் கேட்டார் என்று தெரிந்திருந்தால் இத்தனை வருசமும் கொஞ்சம் வேறு மாதிரி அழுதிருப்பேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இப்போது எழுத எனக்கு வரவில்லை. எழுதினால் நானும் உங்கள் கூட்டத்தில் சேர்ந்தவளாகிவிடுவேன். பாலம் வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்த உன்னை நினைத்தால் நெஞ்சு கரைகிறது. அந்தப் பாரத்தை நீ தனியே சுமந்திருக்கிறாய் என்றும் விளங்குகிறது. கோபமும் அப்படியே இருக்கிறது. இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருக்கின்றன, அதற்குள்ளே நோயும் இருக்கிறது. நீ வந்த பிறகு எது முதலில் குறைகிறது என்று பார்ப்போம்.

கொழும்பு றோட்டு இப்போது திறந்திருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. போனில் கதைக்காதே, போனில் நீ நன்றாகப் பொய் சொல்லுவாய். மாமியிடமும் சொல்லாதே. வந்து, கதிரையை இழுத்துப் போட்டுத் தூரத்தில் இருக்காமல், என் கட்டிலில் ஏறி இரு. எனக்கு என்ன வருத்தம் என்று நீயே சொல்லு. தெரிந்ததுதான் என்றாலும் உன் வாயால் கேட்க வேண்டும். சொல்லும்போது உனக்கு அழுகை வந்தால் அழு. பிறகு என்னிடம் ஒன்று கேள். செபக்கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை, டொக்டர் கேட்கவில்லை, மாமியும் கேட்கவில்லை. "அம்மா, பயமா இருக்கா?" என்று கேள். "ஓம் மனே, சரியான பயமா இருக்கு" என்று சொல்லப் போகிறேன். அதைச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா